திருப்பித் தர முடியாதவருக்குக் கடன்

2013 ஜூலையில் ஜஸ்டின் வெல்பி ஓர் அரசியல் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பொறுப்பான கேன்டர்பரி பேராயர் பதவிக்கு அவர் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. குருப்பட்டம் பெறும் முன் எண்ணெய் நிறுவனங்களில் பதினோரு ஆண்டு வேலை பார்த்தவர், அதனால் வரவு செலவு தெரிந்தவர். வோங்கா என்ற கடன் நிறுவனத்தின் தலைவரை நேரில் சந்தித்ததாகவும், சட்டம் போட்டு ஒழிக்க வரவில்லை, போட்டி போட்டே உங்களை இல்லாமல் ஆக்கப் போகிறோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்ததாகவும் அந்தப் பேட்டியில் கூறினார். திருச்சபை கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குக் கைகொடுக்கும், ஏழைகள் அங்கே போவார்கள், வோங்காவின் கடை காலியாகும் என்பது அவர் திட்டம்.

பேட்டியின் சூடு ஆறுவதற்குள் ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ ஒரு செய்தி போட்டது. வோங்காவுக்கு முதலீடு தந்த அக்செல் பார்ட்னர்ஸ் நிறுவனத்தின் நிதியில் திருச்சபையின் பணமும் கிடந்தது. 550 கோடி பவுண்டு சொத்தில் அது வெறும் 75,000 பவுண்டுதான். ஆனாலும் மானம் போனது போனதுதான். வெல்பி வானொலிக்கு வந்து, தனக்கு வெட்கமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அந்த முதலீட்டிலிருந்து திருச்சபை வெளியே வருவதற்கு மேலும் ஓர் ஆண்டு பிடித்தது.

பத்திரிகைகள் இதை வைத்துச் சிரித்து முடித்துவிட்டன. அந்தச் சிரிப்பில் ஒரு பழைய கேள்வி காணாமல் போயிற்று. திருப்பிக் கட்ட முடியாத கடன் ஒன்று உருவாகிறது என்றால், குற்றம் யார் பேரில்? வாங்கியவர் பேரிலா, கொடுத்தவர் பேரிலா? வாங்கியவர் பேரில் என்று சொல்லித்தான் நாம் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். வாசலில் வந்து கத்துகிறவரைவிட உள்ளே ஒளிந்திருப்பவர்தான் தலைகுனிய வேண்டியவர் என்று தெருவே நினைக்கிறது. மதங்கள் அப்படி நினைக்கவில்லை என்பதுதான் விசித்திரம்.

முதலில் வோங்கா எப்படி வேலை செய்தது என்று பார்த்துவிடலாம். 2007 வாக்கில் லண்டனில் தொடங்கிய நிறுவனம் அது. அதன் இணையப் பக்கத்தில் நகர்த்துவதற்கு இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்றை இழுத்தால் எவ்வளவு பணம், மற்றதை இழுத்தால் எத்தனை நாள். கீழே மொத்தம் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று பென்ஸ் கணக்கு வரை காட்டிவிடும். ஆள் யாரும் பேச மாட்டார். கணினி முடிவெடுக்கும், பதினைந்து நிமிடத்தில் பணம் கணக்கில் ஏறிவிடும். ஆண்டு வட்டி 5,853 சதவீதம் என்று விளம்பரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த எண் பயமுறுத்துமே தவிர ஒன்றையும் புரியவைக்காது. 100 பவுண்டு வாங்கி 30 நாளில் கட்டினால் சுமார் 37 பவுண்டு கூடுதலாகத் தர வேண்டும். நம்மூர் வழக்கில் சொன்னால் நூற்றுக்கு முப்பத்தேழு வட்டி. 2012இல் மட்டும் இந்த வழியில் 120 கோடி பவுண்டு கைமாறியது. வரி போக நிறுவனத்துக்குக் கிடைத்த லாபம் 6.25 கோடி பவுண்டு.

இதில் பொய் எங்கே இருக்கிறது? எல்லாம் திரையில் தெரிகிறது. வாங்கியவர் வயது வந்தவர், யாரும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. வோங்காவின் வக்கீல்கள் இதைத்தான் சொன்னார்கள். லேசில் தட்டிவிடக்கூடிய வாதமும் அல்ல அது. தர்மம் பேசுகிறவர்கள் பலர் 5,853 என்ற எண்ணைக் காட்டிக் கைகொட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பதில் ஓர் அரசு அறிக்கையில் இருந்தது. பிரிட்டனின் நியாய வர்த்தக அலுவலகம் இந்தத் தொழில் முழுவதையும் துருவிப் பார்த்து 2013 மார்ச்சில் கண்டதை வெளியிட்டது. கொடுத்த கடன்களில் 28 சதவீதம் ஒரு தடவையாவது தவணை தள்ளிப் புதுப்பிக்கப்பட்டவை. தொழிலின் வருமானத்தில் பாதி அந்த 28 சதவீதத்திலிருந்து வந்தது. நான்கு தடவையோ அதற்கு மேலோ புதுப்பித்த கடன்கள் வெறும் 5 சதவீதம், அவற்றிலிருந்து மட்டும் 19 சதவீத வருமானம். சம்பளம் வந்ததும் கட்டிவிட்டுப் போகிறவரால் கம்பெனிக்குப் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. கட்ட முடியாமல், வட்டியை மட்டும் கொடுத்து அசலை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறவர்தான் நல்ல வாடிக்கையாளர். நம் தண்டல்காரர்களுக்குத் தெரியாத சங்கதியா இது! ஆனால் தண்டல்காரர் ஆளைப் பார்த்துக் கணிப்பதை இங்கே கணினி லட்சக்கணக்கான பேருக்குச் செய்தது.

வாங்கியவரின் இயலாமையே கொடுத்தவரின் வருமானம் ஆகிறது என்றால், ‘அவர்தானே கேட்டார்’ என்ற வாதம் நொண்டுகிறது.

இந்த இடத்தில் பழைய நூல்களைப் புரட்டுவது வீண்வேலை அல்ல. விவிலியத்தின் உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் கடன் வசூல் பற்றிச் சில கட்டளைகள் உண்டு. ஈடு வாங்கப் போகிறவர் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். அவரே எடுத்து வந்து கொடுப்பார். மாவரைக்கும் திரிகைக் கல்லை ஈடாக வாங்கக் கூடாது, அது போனால் அவர் பிழைப்பே போயிற்று. ஏழையின் மேலாடையை ஈடாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தர வேண்டும், இரவில் அவர் போர்த்திக்கொள்ள வேறு துணி இல்லை. ஈடு பொழுது சாய வீடு திரும்ப வேண்டுமென்றால் அது ஈடாகவே இருக்காது. கடன் கொடுத்தவருக்கு இது பெரிய தொந்தரவு. அந்தத் தொந்தரவை அவர் தலையில் கட்டுவதுதான் கட்டளையின் நோக்கமே.

குர்ஆன் இரண்டாம் அத்தியாயம் வட்டியைக் கடுமையாகத் தடுக்கிறது. அதை எல்லோரும் அறிவார்கள். அதே இடத்தில், கடனாளி நெருக்கடியில் இருந்தால் அவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்றும் சொல்கிறது. கெளடில்யரின் அர்த்தசாஸ்திரம் மாதம் நூற்றுக்கு ஒன்றேகால் பணம் என்று தர்ம வட்டியை வகுத்துவிட்டு, வியாபாரிக்கு ஐந்து, காட்டு வழி போகிறவருக்குப் பத்து, கடலோடிக்கு இருபது என்று ஆபத்துக்கு ஏற்றபடி ஏற்றிக்கொண்டு போகிறது. அப்படிக் கறாராகக் கணக்குப் போடும் அந்த நூலே, நோயாளி, குருகுலத்தில் படிக்கும் மாணவர், சிறுவர், வறியவர் ஆகியோர் பட்ட கடனில் வட்டி ஏறக் கூடாது என்கிறது. மூன்று மரபுகளுக்கும் கடவுளும் வேறு, கணக்கும் வேறு. ஆனால் மூன்றும் வாங்குகிறவரின் நிலைமை என்ன என்று பார்க்கும் பொறுப்பைக் கொடுக்கிறவரிடம் வைக்கின்றன.

இடைக்கால ஐரோப்பியத் திருச்சபை இந்த இடத்தில் வழி தவறியது என்றே சொல்ல வேண்டும். அதன் கவனம் முழுவதும் வட்டி என்ற ஒன்றின் மேலேயே போயிற்று. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், பகிரங்கமாக வட்டித்தொழில் செய்கிறவர்களுக்கு நற்கருணையும் இல்லை, கிறிஸ்தவ அடக்கமும் இல்லை என்றது. கவிஞர் தாந்தே தன் காவியத்தின் நரகத்தில் அவர்களைத் தீமழை பொழியும் மணலில், கழுத்தில் பணப்பை தொங்க உட்காரவைத்தார். அந்தக் கூட்டத்தில் ஒருவராகப் பாதுவா நகரத்து ஸ்க்ரோவேஞி குடும்பத்தவரை அடையாளம் காட்டுகிறார். அவருடைய மகன் என்ரிகோ கட்டிய தேவாலயத்தில்தான் ஜியோட்டோவின் புகழ்பெற்ற சுவரோவியங்கள் இருக்கின்றன. தகப்பனின் பாவத்துக்கு மகன் செய்த பரிகாரம் என்று அதைச் சொல்லும் வழக்கம் உண்டு.

இத்தனை கெடுபிடியிலும் பெரிய வங்கிக் குடும்பங்கள் தப்பித்தன. ஒரு நாட்டு நாணயத்தைக் கொடுத்து இன்னொரு நாட்டு நாணயத்தில் வாங்கும் மாற்றுச் சீட்டில் வட்டியை ஒளித்துவைக்கலாம். பணத்தைக் கடன் கொடுத்ததால் போன லாபம், ஏற்பட்ட நஷ்டம் என்று ஈடு கேட்பதற்கு இறையியலாளர்களே வாசல் திறந்துவிட்டார்கள். தெருக்கோடி அடகுக்கடைக்காரர் மாட்டிக்கொண்டார். வட்டியை மட்டும் பாவமாக்கினால் கெட்டிக்காரர்கள் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். இன்றைய செயலிக் கடன்களில் ‘செயலாக்கக் கட்டணம்’ என்று முன்கூட்டியே பிடித்துக்கொள்வதும் அந்தப் பரம்பரைதான்.

பாவம் பிறகு எண்ணாக மாறியது. எட்டாம் ஹென்றி 1545இல் ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை வாங்கலாம் என்று சட்டம் செய்தார். இடையில் ரத்தாகி, 1571இல் திரும்ப வந்து, படிப்படியாக இறங்கி ஐந்தில் நின்றது. சுதந்திரச் சந்தையின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித்துக்கே இந்த உச்சவரம்பில் மறுப்பு இல்லை. தத்துவவாதி ஜெரெமி பெந்தாம்தான் 1787இல் வெள்ளை ரஷ்யாவில் தம்பி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வட்டியை ஆதரித்துக் கடிதங்கள் எழுதி ஸ்மித்தை மடக்கினார். கண்ணைத் திறந்துகொண்டு, சுயபுத்தியோடு ஒருவர் ஒப்புக்கொண்ட விலையைச் சட்டம் ஏன் தடுக்க வேண்டும்? குதிரையை விலை பேசுவதில் தலையிடாத அரசு பணத்தை விலை பேசுவதில் மட்டும் ஏன் தலையிடுகிறது? 1854இல் பிரிட்டன் வட்டிச் சட்டங்களை மொத்தமாக ரத்து செய்தது. வோங்காவின் வக்கீல்கள் பேசியது பெந்தாமின் பேச்சுதான்.

பெந்தாமின் வெற்றி அரை நூற்றாண்டுகூடத் தாங்கவில்லை. 1900இல் வந்த கடன் கொடுப்போர் சட்டம், மனசாட்சிக்கு ஒவ்வாத கடன் பேரங்களை நீதிமன்றம் திறந்து பார்க்கலாம் என்றது. அதே யோசனை 1918இல் கடும்வட்டிக் கடன் சட்டமாக இந்தியாவுக்கும் வந்தது. 1927இல் 48 சதவீதத்தைத் தாண்டினால் அது அநியாய வட்டி என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இன் நுகர்வோர் கடன் சட்டம் அந்த எண்ணையும் தூக்கிவிட்டு, கொள்ளை பேரமா இல்லையா என்பதை நீதிபதியிடம் விட்டது. வழக்குப் போட்டு ஜெயித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஐநூறு பவுண்டு கடனுக்கு யார் வக்கீல் வைத்து வழக்காடுவார்கள்?

‘பொறுப்பற்ற முறையில் கடன் கொடுத்தல்’ என்பது 2006இல் சட்டத்தில் ஏறியது. கடன் தொழில் நடத்த உரிமம் பெறத் தகுதி உண்டா என்று பார்க்கும்போது இதையும் பார்க்க வேண்டும் என்றார்கள். அதிகார வர்க்க நடையில் எழுதிய ஒரு வரிதான், ஆனால் பெந்தாமுக்கு முந்தைய உலகத்திலிருந்து ஒரு பொருள் அதில் திரும்பி வந்தது. விலை என்ன, சம்மதம் இருந்ததா என்ற இரண்டு கேள்விகளோடு, எதிரில் இருப்பவரால் இதைச் சுமக்க முடியுமா என்று கொடுப்பவர் பார்த்தாரா என்ற மூன்றாவது கேள்வி சேர்ந்தது.

2014 ஏப்ரலில் எஃப்.சி.ஏ. எனப்படும் நிதி நடத்தை ஆணையம் பொறுப்பேற்றதும் அந்தக் கேள்விக்குப் பல் முளைத்தது. கடனை இரண்டு தடவைக்கு மேல் புதுப்பிக்கக் கூடாது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை வைத்துக்கொண்டு, இரண்டு தடவை முயன்று பணம் இல்லையென்றால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பெல்லாம் சம்பளம் விழுந்த நடுநிசியிலேயே கணக்கைத் துழாவி, வாடகைக்கு வைத்திருந்ததையும் சேர்த்து உருவிவிடுவார்கள். வீட்டுக்குள் நுழையாதே, வாசலில் நில் என்ற உபாகமக் கட்டளை வங்கிக் கணக்குக்கும் பொருந்தும் என்று அந்த அதிகாரிகள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் செய்தது அதுதான்.

2015 ஜனவரி 2இல் வந்தது உச்சவரம்பு. நாளுக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, தவணை தவறினால் அபராதம் 15 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது, வட்டியும் கட்டணங்களும் அபராதமும் எல்லாம் கூட்டினாலும் அசலைத் தாண்டக் கூடாது. நூறு வாங்கியவர் இருநூறுக்கு மேல் ஒருபோதும் கட்ட வேண்டியதில்லை.

இந்த மூன்றாவது விதி நமக்குப் பழக்கமான முகம். ஒரே நேரத்தில் வசூலிக்கும் வட்டி அசலைவிட அதிகமாகக் கூடாது என்பது மனுஸ்மிருதியில் இருக்கிறது. நான்கு வருணத்துக்கு நான்கு வட்டி என்று வைத்து, உள்ளவரிடம் குறைவாகவும் இல்லாதவரிடம் அதிகமாகவும் வாங்கச் சொன்ன அதே நூல்தான். அதில் உருப்படியான விதி இது ஒன்று. ‘தாம்துபட்’ என்ற பெயரில் பம்பாய் மாகாண நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன, சென்னை மாகாணத்தில் அது வேர்பிடிக்கவில்லை. ஆனால் 1938இல் ராஜாஜியின் அமைச்சரவை கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அதைவிட ஒரு படி மேலே போயிற்று. விவசாயி ஒருவர் அசலாகவோ வட்டியாகவோ மொத்தத்தில் அசலைப் போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் அந்தக் கடன் தீர்ந்தது என்று அதன் எட்டாவது பிரிவு சொன்னது. தஞ்சாவூர் மிராசுதாரும் கோயம்புத்தூர்க் குடியானவரும் 1938இல் பெற்ற பாதுகாப்பை லண்டன்வாசி 2015இல் பெற்றார்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதற்கு மதிப்புக் கொடுத்தே ஆக வேண்டும். கெடுபிடி கூடினால் ஏழைக்குக் கடனே கிடைக்காமல் போய்விடாதா? இதுவும் பழைய கவலைதான். ஏழாவது ஆண்டில் கடன்கள் எல்லாம் ரத்தாகும் என்பது யூத மரபின் விதி. ஆறாவது ஆண்டு நெருங்கினாலே பணக்காரர்கள் பெட்டியைப் பூட்டிவிட்டார்கள். அதைப் பார்த்த ஹில்லேல் என்ற ரபி, கடன் பத்திரத்தை நீதிமன்றத்தின் பேருக்கு மாற்றிவிட்டால் ரத்தாகாது என்று ‘ப்ரோஸ்புல்’ என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஏழைக்காக எழுதிய சட்டம் ஏழையையே பட்டினி போடும்போது, சட்டத்தை வளைப்பதும் தர்மம் என்று நினைத்த மனிதர் அவர்.

எஃப்.சி.ஏ. இதை மறைக்கவில்லை. உச்சவரம்பு வந்தால் அப்போது கடன் வாங்கிக்கொண்டிருந்தவர்களில் சுமார் 7 சதவீதம், ஏறக்குறைய 70,000 பேர், இனி கடன் பெற மாட்டார்கள் என்று தானே கணக்கிட்டுச் சொன்னது. அவர்களுக்குக் கடன் கிடைக்காமல் போவதே நல்லது என்றும் கருதியது. இந்த வாக்கியத்தைப் படிக்கும்போது கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது. எனக்கு எது நல்லது என்று நீ யார் சொல்ல என்று அந்த 70,000 பேரில் ஒருவர் கேட்டால் பெந்தாம் அவர் பக்கம் நிற்பார். 2017இல் ஆணையம் திரும்பிப் பார்த்தபோது, கடன் மறுக்கப்பட்டவர்கள் சட்டவிரோத வட்டிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்ததற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. 7,60,000 பேர் ஆண்டுக்கு 15 கோடி பவுண்டு மிச்சம் பிடித்திருந்தார்கள். நெருடல் முழுவதும் போய்விடவில்லை. ஆனால் விளைவு ஹில்லேல் பயந்தபடி ஆகவில்லை.

சிறு கடனுக்குச் செலவு அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1462இல் பெரூஜாவில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளுக்கென்று அடகு நிலையம் திறந்தபோது, ஆள் சம்பளத்துக்கும் கிடங்கு வாடகைக்கும் ஒரு சிறு தொகை வாங்க வேண்டியிருந்தது. டொமினிக்கன் சபையினர் அதையும் வட்டி என்று சண்டை பிடித்தார்கள். 1515இல் போப் பத்தாம் லியோ, அது வட்டி ஆகாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஓய்ந்தது. வெல்பி நம்பிய கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு 2014 முதல் மாதம் 3 சதவீதம் வரை வட்டி வாங்க அனுமதி உண்டு. ஆண்டுக்கு அது 42.6 சதவீதம். தர்மசிந்தனையோடு நடத்தும் சங்கத்துக்கே அந்த விலை தேவைப்படுகிறது என்றால், வட்டி வீதத்தை மட்டும் வைத்துப் பாவத்தை அளக்க முடியாது.

அந்த 2013 ஜூலையிலேயே இன்னொரு மனிதரும் மனசாட்சியோடு மல்லுக்கட்டினார். நியூகாசில் கால்பந்து அணியின் சட்டையில் வோங்காவின் பெயர் ஏறியபோது, செனகல் வீரர் பாப்பிஸ் சிஸ்ஸே, வட்டி தன் இஸ்லாமிய நம்பிக்கைக்கு விரோதம் என்று அணிய மறுத்தார். முந்தைய பருவத்தில் ஒரு வங்கியின் பெயர் போட்ட சட்டையைப் போட்டவர்தானே என்று கேலி செய்தார்கள். சில நாளில் அவர் இறங்கி வந்தார். கேலி சுலபம். பேராயருடைய திருச்சபையின் பணமும் வீரரின் சட்டையும் ஒரே ஓடையில்தான் நனைந்திருந்தன. கை நனையாத ஒருவர்தான் பேசலாம் என்றால் யாருமே பேச முடியாது.

வோங்காவின் முடிவு வேகமாக வந்தது. இல்லாத வக்கீல் நிறுவனங்களின் பெயரில் மிரட்டல் கடிதங்கள் அனுப்பியதும், சிலரிடம் அந்தக் கடிதத்துக்கே கட்டணம் பிடித்ததும் 2014 ஜூனில் வெளியே வந்தன. 45,000 பேருக்கு 26 லட்சம் பவுண்டு நஷ்ட ஈடு தர ஒப்புக்கொண்டது. அக்டோபரில், கட்டும் சக்தியைச் சரியாகப் பார்க்காமல் கொடுத்ததற்காக 3,30,000 பேரின் 22 கோடி பவுண்டு கடனைத் தள்ளுபடி செய்தது. 2018 ஆகஸ்ட் 30இல், பழைய கடன்களுக்கான நஷ்ட ஈட்டுக் கோரிக்கைகள் குவிந்து மூச்சுமுட்ட, கடையை மூடியது. சட்டம் போட்டு ஒழிக்க வரவில்லை என்று வெல்பி சொன்னார். ஒழித்தது சட்டம்தான், திருச்சபையின் போட்டி அல்ல.

பிடுங்கியதை உரியவரிடம் திருப்பிக் கொடுக்காமல் பாவமன்னிப்பு இல்லை என்பது இடைக்கால இறையியலாளர்களின் உறுதியான கொள்கை. வட்டிக்காரர்கள் சாகும் தறுவாயில் அதற்காகவே உயில் எழுதினார்கள். வோங்காவின் விஷயத்தில் தகுதியான கோரிக்கைகள் 46 கோடி பவுண்டு இருந்தன. 2020இல் கொடுத்தது பவுண்டுக்கு 4.3 பென்ஸ். ஆயிரம் பவுண்டு வர வேண்டியவருக்கு 43 பவுண்டு. இன்னொரு பக்கம், இரண்டு லட்சம் பேர் கட்ட வேண்டிய சுமார் 40 கோடி பவுண்டு கடன் புத்தகத்தைத் திருச்சபையே வாங்கிக்கொள்ளலாமே என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஃபிராங்க் ஃபீல்ட் வெல்பியைக் கேட்டார். கூடிப் பேசினார்கள், அந்த வேலைக்குத் தாங்கள் ஏற்றவர்கள் அல்ல என்று முடிவு செய்தார்கள். நிர்வாக ரீதியில் நியாயமான முடிவுதான். ஆனால் ஒரு பேராயருக்கு வாழ்நாளில் இன்னொரு முறை கிடைக்காத வாய்ப்பு அது.

தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல், மணிக்கணக்கு வட்டி என்று பெயர் சொல்லித் தடுத்தது. 2025இல் வந்த புதிய சட்டம் கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைக் குறிவைக்கிறது. முதலாவது வட்டியைப் பார்க்கிறது, இரண்டாவது வசூலைப் பார்க்கிறது. கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியதை ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கு 2022இல் விதித்தது: ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மகளிர் குழுவில் ஒரே பெண்ணிடம் நான்கு கம்பெனி அட்டைகள் இருக்கும் ஊர்களில் இந்த விதியை யார் சரிபார்க்கிறார்கள் என்பதுதான் இனி கேட்க வேண்டியது.

பிரிட்டனில் பிரச்சினை இப்போது வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ‘இப்போது வாங்கு, பிறகு கொடு’ என்று செருப்புக்கும் சாப்பாட்டுக்கும் மூன்று நான்கு தவணையில் கடன் கொடுக்கிறார்கள். அதற்கு வட்டியே கிடையாது. லாத்தரன் சங்கம் அதில் குற்றம் காணாது, 1545இன் சட்டமும் காணாது. ஆனாலும் அந்தக் கடன்களை எஃப்.சி.ஏ.வின் கீழ் கொண்டுவர 2025இல் சட்டம் ஆயிற்று. அதன்படி 2026 ஜூலை 15 முதல், வட்டியில்லாத அந்தக் கடனையும் வாங்குகிறவரால் கட்ட முடியுமா என்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.